ஓத்வில் வம்ச மரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரான்ஸின் நார்மண்டியில் ஒரு சின்னப் பிரபுவுக்குப் பிறந்த பிள்ளைகள் தெற்கு இத்தாலியையும் சிசிலியையும் பிடித்தார்கள். அவர்களின் வாரிசு 1130இல் ராஜாவாக முடிசூடினார். 1194இல் அந்த முடி கைமாறியது. இடைப்பட்ட ஐந்து தலைமுறைகளை ஒரு தாளில் வரைய உட்காருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களைப் பற்றியது இந்தப் பக்கம். முதலிலேயே ஒன்று: தாய் பெயரை எழுதாமல் இந்த மரத்தை வரையாதீர்கள். இங்கே நாற்காலிச் சண்டைகளில் பாதி மூத்தாள் பிள்ளைக்கும் இளையாள் பிள்ளைக்கும் நடந்தவை. அப்பன் பெயரை மட்டும் எழுதிய மரத்தில் அந்தச் சண்டைக்குக் காரணமே தெரியாது.

ஓத்வில் என்பது குடும்பப் பெயரா, ஊர்ப் பெயரா?

ஊர்ப் பெயர். நார்மண்டியின் கோத்தான்தான் தீபகற்பத்தில், கூத்தான்ஸ் நகருக்கு அருகே உள்ள இன்றைய ஓத்வில்-லா-கிஷார் என்ற கிராமம்தான் அது என்று கொள்வது வழக்கம். இத்தாலிய நூல்களில் இதே குடும்பம் 'அல்தாவில்லா' என்று வரும். இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று நினைத்து இரண்டு மரம் வரைந்தவர்கள் உண்டு.

இந்தப் பெயரை அவர்கள் கையெழுத்தில் பயன்படுத்தியதாக நினைக்கவேண்டாம். சிசிலியின் முதல் ராஜாவான இரண்டாம் ரோஜர் தன் சாசனங்களில் தன்னை 'முதல் ரோஜர் கவுண்டின் வாரிசும் மகனும்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார். (கவுண்ட் என்பது ஒரு பிரபுப் பட்டம்; டியூக் அதற்கு மேல்.) அப்பா பெயர்தான் முகவரி. 'ஓத்வில் வம்சம்' என்பது நாம் வசதிக்காக ஒட்டிய சீட்டு.

மூலபுருஷர் தாங்கிரெடுக்கு மேலே யாரை எழுதுவது?

யாரையும் எழுதாதீர்கள். நோர்ஸ் வீரன் ஹியால்த் என்பவன் ஓத்வில்லை நிறுவினான் என்பது பிற்காலக் கட்டுக்கதை. குடும்பத்தின் கதையைச் சொல்லும் ஜெஃப்ரி மலதெர்ரா என்ற துறவி, ரோஜர் கவுண்டின் அரவணைப்பில் எழுதியவர். எஜமானின் பெருமையைப் பாட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. ஆனாலும் தாங்கிரெடின் அப்பாவைப் பற்றி அவர் பெருமை பேசவில்லை. நார்மண்டி டியூக்கின் சேவையில் தாங்கிரெடின் கீழ் 10 குதிரைவீரர்கள் இருந்ததாகச் சொல்வதோடு சரி. இணையத்தில் கிடைக்கும் மரங்களில் தாங்கிரெடுக்கு மேல் நான்கைந்து தலைமுறை ஏறிப்போனால், அந்தப் பகுதியை அப்படியே வெட்டிவிடுங்கள்.

தாங்கிரெடுக்கு 12 மகன்களா? பெயர் வரிசை என்ன?

ஆமாம், இரண்டு மனைவிகள் வழியாக. முரியெல்லாவுக்கு ஐந்து பேர்: 'இரும்புக்கை' வில்லியம், த்ரோகோ, ஹம்ஃப்ரி, ஜெஃப்ரி, செர்லோ. அவர் இறந்தபின் தாங்கிரெட் மணந்த ஃப்ரெசெண்டாவுக்கு ஏழு பேர்: ராபர்ட் கிஸ்கார்ட், மோஜர், வில்லியம், ஆல்ஃபிரெட், ஹ்யூபர்ட், தாங்கிரெட், ரோஜர்.

இதில் இரண்டு கண்ணிகள். ஒன்று, மூத்தாளுக்கும் ஒரு வில்லியம், இளையாளுக்கும் ஒரு வில்லியம். இருவரும் இத்தாலிக்குப் போனவர்கள். இளைய வில்லியம் சலேர்னோவுக்குத் தெற்கே 'பிரின்சிபாத்தோ' என்ற பகுதியின் கவுண்ட் ஆனவர். இன்னொன்று, மகள்கள். அம்மா பெயரையே வைத்த ஒரு மகள் ஃப்ரெசெண்டா, காபுவாவின் ரிச்சர்டை மணந்தார். மென்பொருளில் இரண்டு ஃப்ரெசெண்டாவையும் ஒன்றாக்கிவிட்டால் தாங்கிரெடின் மனைவியே அவர் மகளாகிவிடுவார், மரம் வட்டமடிக்கும்.

வயது இடைவெளியையும் கவனியுங்கள். மூத்தவர்கள் 1030களின் நடுவில் இத்தாலிக்குக் கிளம்பியபோது கடைசித் தம்பி ரோஜர் சின்னக் குழந்தை. அவர் பிறந்தது சுமார் 1031. இத்தாலிக்கு வந்தது 1050களின் பிற்பாதியில். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒரு முழுத் தலைமுறை இடைவெளி. அதனால் மரத்தில் ஒரே வரிசையில் இருப்பவர்கள் ஒரே காலத்தவர்கள் என்று எண்ணாதீர்கள்.

முதல் மூன்று கவுண்டுகளில் மகன் இருக்கத் தம்பி எப்படி வந்தார்?

1042இல், தென்கிழக்கு இத்தாலியான அபூலியாவில், நார்மண்டியிலிருந்து வந்த நார்மன் வீரர்கள் இரும்புக்கை வில்லியத்தைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அது வாரிசுரிமை அல்ல, தேர்வு. 1046இல் அவர் இறந்தபோது த்ரோகோ, த்ரோகோ 1051 ஆகஸ்டில் கொல்லப்பட்டபோது ஹம்ஃப்ரி, 1057இல் ஹம்ஃப்ரி இறந்தபோது ராபர்ட் கிஸ்கார்ட். சண்டை நடந்துகொண்டிருக்கும் நாட்டில் சிறுவனைத் தலைவனாக்க யாரும் தயாரில்லை. ஹம்ஃப்ரிக்கு ஆபெலார்ட், ஹெர்மன் என்று மகன்கள் இருந்தார்கள். அவர்களின் பங்கைச் சிற்றப்பா கிஸ்கார்ட் விழுங்கிவிட்டார். ஆபெலார்ட் வளர்ந்தபின் திரும்பத் திரும்பக் கலகம் செய்ததற்கு இதுதான் காரணம். பங்காளிச் சண்டை என்றால் நமக்கு விளக்கம் வேண்டாம்.

மரத்தில் இந்த நான்கு பேருக்கும் நடுவே 'அப்பா–மகன்' கோடு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதவி வரிசை வேறு, ரத்த வரிசை வேறு. பதவிக்குப் புள்ளிக்கோடு, ரத்தத்துக்கு முழுக்கோடு என்று பிரித்தால் போதும்.

கிஸ்கார்டின் இரண்டு திருமணங்கள் ஏன் இவ்வளவு முக்கியம்?

இந்த வம்சம் இரண்டாகப் பிளந்த இடம் அதுதான்.

கிஸ்கார்ட் இத்தாலியின் தெற்கு முனையான கலாப்ரியாவில் கொள்ளையடித்துப் பிழைத்த காலத்தில், போனால்பேர்கோவின் ஜிரார்ட் என்ற பிரபு தன் அத்தை அல்பெராதாவைக் கொடுத்து, கூடவே 200 குதிரைவீரர்களையும் கொடுத்தார். 'கிஸ்கார்ட்', அதாவது தந்திரக்காரன் என்ற பட்டப்பெயரை முதலில் சூட்டியதும் இந்த ஜிரார்ட்தான் என்கிறார் மோந்தேகாசினோ மடத்துத் துறவி அமாதுஸ். சுமார் 1054இல் அல்பெராதாவுக்கு மகன் பிறந்தான். ஞானஸ்நானப் பெயர் மார்க். கதைகளில் வரும் ஓர் அரக்கனின் பெயரான 'போஹிமொண்ட்' பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டு, கடைசியில் அதுவே நிலைத்தது.

1058 வாக்கில் கிஸ்கார்டின் நிலைமை மாறிவிட்டது. சலேர்னோவின் லொம்பார்டு இளவரசர் குவைமாரின் மகள் சிகெல்கைதா கிடைத்தால், ஊர் மக்களின் கண்ணில் வந்தேறி என்ற பெயர் கொஞ்சம் குறையும். உடனே அல்பெராதா தனக்கு நெருங்கிய ரத்த உறவு என்பது 'நினைவுக்கு வந்து', திருமணம் செல்லாது என்று ஆனது. சிகெல்கைதாவுக்குப் பிறந்த மூத்த மகன்தான் ரோஜர் போர்ஸா. போர்ஸா என்றால் பணப்பை; காசை எண்ணிக்கொண்டே இருப்பார் என்று வந்த பெயர். 1073இல் கிஸ்கார்ட் திராணி நகரில் நோயில் கிடந்தபோது, அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய சிகெல்கைதா தன் மகனை வாரிசாக ஏற்கும்படி பிரபுக்களைச் சத்தியம் செய்யவைத்தார். கிஸ்கார்ட் பிழைத்தார், ஏற்பாடு மாறவில்லை. அவர் 1085 ஜூலை 17இல் கெஃபலோனியாத் தீவில் இறந்ததும் டியூக் பட்டம் போர்ஸாவுக்குப் போனது. போஹிமொண்ட் சண்டை போட்டுத் தாராந்தோவைப் பெற்றார். பிறகு முதல் சிலுவைப் போருக்குப் போய் 1098இல் ஆந்தியோக்கியாவைப் பிடித்தார். இரு சகோதரர்களும் 1111இல் சில வார இடைவெளியில் இறந்தார்கள்.

அல்பெராதா நீண்ட நாள் வாழ்ந்தார். வெனோசாவில் உள்ள பரிசுத்த திரித்துவ மடத்தில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. அதன் மேலுள்ள லத்தீன் வரிகள் சொல்வது இது: கிஸ்கார்டின் மனைவி அபெராதா இந்தப் பெட்டியில் கிடக்கிறாள், மகனைத் தேடுகிறாயானால் அவன் கனோசாவில் இருக்கிறான். தள்ளிவைக்கப்பட்ட பெண்ணின் கல்லில் 'மனைவி' என்றே வெட்டியிருக்கிறார்கள். மரத்தில் அவரை 'முன்னாள் துணை' என்று போடத் துணிகிறவர்கள் இந்தக் கல்லை நினைத்துக்கொள்ளவும்.

ரத்த உறவு என்று சொல்லித் திருமணத்தை ரத்து செய்வது அவ்வளவு எளிதா?

அந்த நூற்றாண்டில் எளிது. ரோமன் சட்டத்தில் ஒருவரிடமிருந்து பொது முன்னோர் வரை ஏறி, மறுபக்கம் இறங்கி, எல்லாப் படிகளையும் எண்ணுவார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகள் அந்தக் கணக்கில் 4ஆம் படி. திருச்சபைக் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் எண்ணுவார்கள். அதே பிள்ளைகள் 2ஆம் படி. தடை 7 படி வரை நீண்டது. ஏழு தலைமுறை மேலே போனால் ஒருவருக்கு 128 முன்னோர் இடங்கள் வரும். சிறிய பிரபுக் கூட்டத்துக்குள் மாறி மாறிக் கொண்டும் கொடுத்தும் வந்தவர்களுக்கு எங்கோ ஓர் இடத்தில் கோடு முட்டத்தான் செய்யும். வேண்டும்போது கண்டுபிடிக்கலாம், வேண்டாதபோது கண்ணை மூடிக்கொள்ளலாம். 1215இல் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் தடையை 4 படியாகக் குறைத்தது.

அதனால் 'ரத்து' என்று பார்த்ததும் போஹிமொண்டை முறைதவறிப் பிறந்தவர் வரிசையில் தள்ளாதீர்கள். 1106இல் பிரான்ஸ் ராஜா முதலாம் ஃபிலிப் தன் மகள் கான்ஸ்டன்ஸை அவருக்குக் கொடுத்தார். திருமணக் கோட்டின் குறுக்கே ஒரு வெட்டுக்குறி, பக்கத்தில் '1058 ரத்து' என்ற குறிப்பு, அவ்வளவு போதும்.

சிலுவைப் போர் வீரர் தாங்கிரெட் ஓத்வில்தானே?

தாய்வழியில்தான். கிஸ்கார்டின் மகள் எம்மா, 'நல்ல மார்க்வெஸ்' எனப்பட்ட ஓதோவை மணந்து பெற்ற மகன் அவர். போஹிமொண்டுக்குச் சகோதரி மகன், நம் வழக்கில் மருமகன். 1112இல் இறந்தார். தந்தைவழி மட்டும் வரைகிற மரத்தில் இவருக்கு இடமில்லை. மூத்த தாங்கிரெடின் பெயரைக் கொண்டிருப்பதால் அவருடைய மகன் என்று நேராக ஒட்டிவிடுகிற பிழை மிகச் சாதாரணம். அப்படி ஒட்டினால் சுமார் 1041இல் இறந்த மனிதருக்கு 1070களில் மகன் பிறந்துவிடுவான்.

லத்தீன் உறவுச் சொற்களை எப்படிப் பிடிப்பது?

இதில் தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. இங்கிலீஷ் நூல் 'அங்கிள்', 'ஆன்ட்' என்று மழுப்பும் இடத்தில் லத்தீன் மூலம் நம்மைப் போலவே பிரித்துச் சொல்லும். பாத்ருஊஸ் என்றால் அப்பாவின் சகோதரர், பெரியப்பாவோ சிற்றப்பாவோ. அவுங்குலுஸ் என்றால் தாய்மாமன். அமிதா அத்தை. மாதெர்தெரா பெரியம்மா அல்லது சித்தி. மூலச்சொல் கிடைத்தால் நேராகத் தமிழில் எழுதிவிடுங்கள். எந்தப் பக்கத்து உறவு என்ற கேள்வி அங்கேயே முடியும்.

கவனிக்கவேண்டிய சொல் நெப்போஸ். பேரனும் அதுதான், உடன்பிறந்தார் மகனும் அதுதான். அண்ணன் மகனா, அக்காள் மகனா என்றும் சொல்லாது. அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் கோடு போடக் கூடாது. வேறு ஒரு சாசனத்தில் அப்பா பெயர் வரும்வரை புள்ளிக்கோடாகவே வையுங்கள்.

முதலாம் ரோஜருக்கு எத்தனை மனைவி? பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது?

மூன்று. எவ்ரேவின் யூதித், மோர்தேனின் எரெம்புர்கா, வட இத்தாலியின் அலெராமி குடும்பத்து அதெலைதே. யூதித்தும் ரோஜரும் துரோய்னா மலையூரில் முற்றுகைக்குள் சிக்கிய 1062–63 குளிர்காலத்தில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு போர்வை இருந்தது என்று மலதெர்ரா எழுதுகிறார்.

முதல் இரண்டு மனைவிகள் வழியில் வாரிசாக நிலைத்த மகன் இல்லை. முறைசாராமல் பிறந்த ஜோர்டன் நல்ல படைத்தலைவர், ஆனால் 1092இல் அப்பாவுக்கு முன்பே போய்விட்டார். ரோஜர் 1101 ஜூன் 22இல் மிலேத்தோவில் இறந்தபோது மிஞ்சியவர்கள் மூன்றாம் மனைவியின் சிறுவர்கள்: சீமோன், ரோஜர். சீமோன் 1105இல் இறந்தார். அப்போது தம்பி ரோஜருக்கு வயது 9.

மகள்கள் ஐரோப்பா முழுக்கப் போனார்கள். ஒருவர் துலூஸின் நான்காம் ரேமண்டுக்கு, ஒருவர் ஜெர்மன் பேரரசர் நான்காம் ஹென்றியின் மகன் கொன்ராடுக்கு, ஒருவர் ஹங்கேரி ராஜா கொலொமானுக்கு. இவர்களில் யாருக்கு எந்த மனைவி தாய் என்று சாசனம் சொல்லாத இடத்தில் 'தாய் தெரியவில்லை' என்று ஒரு தனிக் கொக்கி வையுங்கள். பிறந்த ஆண்டை ஊகித்து, அந்த ஊகத்தை வைத்துத் தாயை ஊகித்து, அதை உண்மை மாதிரி எழுதுவதுதான் இந்தத் தலைமுறையில் நடக்கும் பெரிய தப்பு.

அதெலைதே பற்றித் தனியாக ஏன் பேசுகிறார்கள்?

1112 வரை மகனுக்காகச் சிசிலியை ஆண்டவர் அவர். 1109இல் அவர் கிரேக்கத்திலும் அரபியிலும் அனுப்பிய ஓர் ஆணை, பலெர்மோ அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய காகித ஆவணங்களில் ஒன்று அது. 1113இல் ஜெருசலேம் ராஜா முதலாம் பால்ட்வினை மணந்தார். குழந்தை பிறக்காவிட்டால் ஜெருசலேம் தன் மகன் ரோஜருக்கு என்பது ஒப்பந்தம். கொண்டுபோன பணம் செலவானபின், 1117இல், பால்ட்வினின் முந்தைய மனைவி உயிரோடு இருக்கிறார் என்று திருமணம் செல்லாமல் போனது. அதெலைதே திரும்பி வந்து 1118இல் இறந்தார்; கல்லறை சிசிலியின் பாத்தி நகரில். மரத்தில் இந்தத் திருமணத்தை விட்டுவிட்டால், ஜெருசலேமுக்கு உதவச் சிசிலி ராஜாக்கள் நீண்ட காலம் ஏன் கை நீட்டவில்லை என்பது புரியாது.

இளைய கிளையிலிருந்து வந்த இரண்டாம் ரோஜருக்கு அபூலியா எப்படிக் கிடைத்தது?

ரோஜர் போர்ஸாவின் மகன் வில்லியம் டியூக் 1127 ஜூலையில் பிள்ளையில்லாமல் இறந்தார். ரோஜருக்கு அவர் பெரியப்பா பேரன். போஹிமொண்டின் மகன் இரண்டாம் போஹிமொண்டும் சம உரிமைக்காரர்தான். ஆனால் 1126இலேயே ஆந்தியோக்கியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ரோஜர் கப்பல்களோடு சலேர்னோவுக்கு விரைந்தார். 1128இல் போப் இரண்டாம் ஹொனோரியுஸ் ஒப்புக்கொண்டார். 1130இல் இரண்டு போப்புகள் போட்டியிட்டபோது அனாக்ளெத்துஸ் பக்கம் நின்று ராஜ பட்டம் வாங்கி, கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூடினார். மற்ற போப் இன்னசென்ட் 1139இல் போருக்கு வந்து, பிடிபட்டு, பட்டத்தை ஒப்புக்கொண்டார். ரோஜரின் கடும் எதிரி அலிஃபேயின் ரைனுல்ஃப், சொந்தச் சகோதரி மத்தில்தாவின் கணவர். அந்த ஒரு திருமணக் கோட்டை விட்டால் 1130களின் போரே புரியாது.

ஒரே எண்ணில் இரண்டு ரோஜர், இரண்டு வில்லியம் வருகிறார்களே?

எண் பதவிக்கு உரியது, ஆளுக்கு அல்ல. சிசிலி கவுண்ட் வரிசையில் முதலாம் ரோஜர் ஒருவர். அபூலியா டியூக் வரிசையில் முதலாம் ரோஜர் என்றால் போர்ஸா. மூன்றாம் ரோஜர் என்று இருவர்: ஒருவர் இரண்டாம் ரோஜரின் மூத்த மகன், அபூலியா டியூக், 1148இல் இறந்தவர். இன்னொருவர் லெச்சேயின் தாங்கிரெடின் மகன், அப்பாவோடு முடிசூடி 1193 டிசம்பரில் இறந்தவர். முதல்வர் இரண்டாமவரின் தாத்தா! வில்லியத்திலும் டியூக் எண்ணும் ராஜா எண்ணும் இப்படித்தான் மோதும்.

எண்ணை அடையாளமாக வைக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி, அப்பா பெயர், இறந்த ஆண்டு: 'ரோஜர், அபூலியா டியூக், இரண்டாம் ரோஜர் மகன், இறப்பு 1148'. கான்ஸ்டன்ஸ்களுக்கு இது இன்னும் அவசியம். போஹிமொண்டின் மனைவி ஒரு கான்ஸ்டன்ஸ், அவருடைய பேத்தி ஆந்தியோக்கியா கான்ஸ்டன்ஸ், இரண்டாம் ரோஜரின் மகள் ஒரு கான்ஸ்டன்ஸ், அவருடைய கொள்ளுப்பேத்தி ஒரு கான்ஸ்டன்ஸ்.

தேதிகளில் ஓர் ஆண்டு முன்பின்னாக வருவது ஏன்?

மூன்று மொழியில் நிர்வாகம் நடந்த நாடு. ஆண்டுக் கணக்கும் அப்படியே. நல்ல எடுத்துக்காட்டு பலெர்மோ அரண்மனைக் கோவிலின் வெளியே உள்ள கல்வெட்டு. இரண்டாம் ரோஜர் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றியது. லத்தீன் வரி 1142 மார்ச், 5ஆம் இந்திக்ஷன் (15 ஆண்டுச் சுற்றில் ஐந்தாம் ஆண்டு) என்கிறது. கிரேக்க வரி உலகப் படைப்பாண்டு 6650 என்கிறது. அரபி வரி ஹிஜ்ரி 536 என்கிறது. மூன்றும் பொருந்துகின்றனவா?

கிரேக்க ஆண்டு செப்டம்பர் 1இல் தொடங்கும். ஜனவரி முதல் ஆகஸ்ட் வரையான தேதிக்கு 5508ஐக் கழிக்கவேண்டும்: 6650 − 5508 = 1142. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் 5509. இந்திக்ஷனுக்கு, ஆண்டோடு 3 கூட்டி 15ஆல் வகுத்தால் மீதி: 1145ஐ 15ஆல் வகுத்தால் மீதி 5. மீதி 0 வந்தால் 15 என்று கொள்ளவும். செப்டம்பருக்குப் பின் ஒன்று கூட்டவும். ஹிஜ்ரி 536, 1141 ஆகஸ்டில் தொடங்கி 1142 ஜூலையில் முடிந்தது. பொருந்துகிறது.

இப்போது 1130 டிசம்பர் 25 முடிசூட்டு விழாவைப் போட்டுப் பாருங்கள். இந்திக்ஷன் 9, படைப்பாண்டு 6639. மாதத்தைப் பார்க்காமல் 5508ஐக் கழித்தால் 1131 வரும். உங்கள் பட்டியலில் உள்ள ஓராண்டுப் பிழைகளில் கணிசமானவை இந்தக் கழித்தலில் பிறந்தவைதான். இதேபோல் வியன்னாவில் உள்ள ரோஜரின் சிவப்புப் பட்டு மேலங்கியை 'முடிசூட்டு அங்கி' என்கிறார்கள். ஓரத்து அரபி எழுத்து ஹிஜ்ரி 528 என்கிறது, அதாவது 1133–34. முடிசூடி மூன்று வருஷம் ஆனபின் நெய்தது.

தேதிகள் எல்லாம் ஜூலியன் நாட்காட்டி. 12ஆம் நூற்றாண்டில் இன்றைய நாட்காட்டிக்கும் அதற்கும் 7 நாள் வித்தியாசம். சில மென்பொருள் தானாகவே மாற்றிவிடும். அந்த வசதியை அணைத்துவிட்டு மூலத் தேதியையே வையுங்கள்.

அப்பா இறந்தபின் பிறந்த கான்ஸ்டன்ஸ் முறையான மகள்தானா?

கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டாம் ரோஜர் 1154 பிப்ரவரி 26இல் இறந்தார். மூன்றாம் மனைவி ரெத்தெலின் பெயாத்ரிஸ் நவம்பர் 2இல் பெற்றார்: 8 மாதம் 7 நாள். முதல் மனைவி காஸ்தீலின் எல்விராவுக்குப் பிறந்த மகன்களில் அப்பாவுக்குப்பின் இருந்தவர் முதலாம் வில்லியம் ஒருவர்தான். மற்றவர்கள் முன்பே இறந்தார்கள். இரண்டாம் மனைவி பர்கண்டியின் சிபில் மணமான மறுவருஷமே, 1150இல், இறந்தார்.

வில்லியத்தின் மகன் இரண்டாம் வில்லியம் பிறந்தது 1153 என்று கொள்கிறார்கள். அத்தை மருமகனைவிடச் சின்னவர்! இணைய மரங்களில் இதைப் 'பிழை' என்று எண்ணிக் கான்ஸ்டன்ஸை இரண்டாம் வில்லியத்தின் தங்கையாக மாற்றிவிடுகிறார்கள். அவர் கன்னிமடத்திலிருந்து இழுத்து வந்து மணமுடிக்கப்பட்டவர் என்ற கதை பிற்காலத்தது, அதை விட்டுவிடலாம். 1186 ஜனவரியில் மிலானில் ஜெர்மன் இளவரசர் ஹென்றியை மணந்தார், வயது 31. இரண்டாம் வில்லியம் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்றியின் மகள் ஜோனை 1177இல் மணந்து, வாரிசு விட்டுவைக்காமல் 1189 நவம்பர் 18இல் இறந்தார். அப்போது முறைப்படி மிஞ்சியவர் அத்தை மட்டுமே.

லெச்சேயின் தாங்கிரெட் எப்படி ராஜாவானார்?

1148இல் இறந்த அந்த அபூலியா டியூக் ரோஜருக்கு, லெச்சே கவுண்டின் மகளிடம் திருமணமில்லாமல் பிறந்தவர் அவர். தந்தைவழியில் வயதுவந்த ஆண் வேண்டும், ஜெர்மன்காரர் வேண்டாம் என்ற பிரபுக்கள் 1190இல் அவருக்கு முடிசூட்டினார்கள். 1194 பிப்ரவரி 20இல் இறந்தார். மூத்த மகன் ரோஜர் இரண்டு மாதம் முன்பே போய்விட்டார். சிறுவன் மூன்றாம் வில்லியத்தை ஒதுக்கிவிட்டு, கான்ஸ்டன்ஸின் கணவர் ஆறாம் ஹென்றி கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூடினார். மறுநாள் டிசம்பர் 26இல் யேசி நகரில் கான்ஸ்டன்ஸ், 40ஆம் வயதில், மகனைப் பெற்றார். இரு தாத்தாக்களின் பெயரும் சேர்த்து வைத்தார்கள்: ஃபிரெடெரிக் ரோஜர். தந்தைவழியில் அவர் ஹோஹென்ஸ்டாவுஃபென் என்ற ஜெர்மன் ராஜ குடும்பம். ஓத்வில் மரத்தில் மகள்வழிப் பேரன்.

ஒரு சிக்கலான கோடு: தாங்கிரெடின் மகன் ரோஜரின் விதவை, பைசாந்திய இளவரசி ஐரீன், பின்னர் ஆறாம் ஹென்றியின் தம்பி ஃபிலிப்பை மணந்தார். இரண்டு எதிரிக் குடும்பங்களுக்கும் மருமகள்.

காபுவாவின் நார்மன்கள் இதே குடும்பமா?

இல்லை. அவர்கள் த்ரெங்கோ குடும்பம்: 1030இல் அவெர்சா, 1058இல் காபுவா. ஃப்ரெசெண்டாவின் திருமணத்தால் சம்பந்தி முறை மட்டுமே.

எந்த மூலத்தை எவ்வளவு நம்புவது?

மலதெர்ரா ரோஜர் கவுண்டின் ஆள். அண்ணன் கிஸ்கார்டோடு நடந்த சண்டையில் ரோஜர் பக்கம்தான் பேசுவார். அமாதுஸின் லத்தீன் மூலம் தொலைந்துவிட்டது; 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மொழிபெயர்ப்புதான் இருக்கிறது, அதனால் பெயர்களின் எழுத்துக்கூட்டலுக்கு அவரைச் சாட்சியாக்காதீர்கள். பைசாந்திய இளவரசி அன்னா கொம்னேனா போஹிமொண்டின் உருவத்தை அழகாக வர்ணிப்பார். வம்ச விவரத்துக்கு அவர் தொலைவிலிருந்து எழுதியவர்.

சாசனங்களே மேல். ஆனால் 1144இல் இரண்டாம் ரோஜர் பழைய உரிமைச் சாசனங்களைக் கொண்டுவந்து புதுப்பிக்க ஆணையிட்டார். காகிதம் சிதைந்ததால் தோலில் திரும்ப எழுதிய படிகளும் உண்டு. எழுதிய ஆண்டு வேறு, சொல்லும் நிகழ்ச்சியின் ஆண்டு வேறு; இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் குறியுங்கள். அபூலியா, காபுவா பிரபுக்கள் எத்தனை வீரரை அனுப்பவேண்டும் என்று 1150 வாக்கில் தொடங்கித் தொகுத்த 'பிரபுக்கள் பட்டியல்' கிளைக் குடும்பங்களுக்கு நல்ல சாட்சி. சிசிலியும் கலாப்ரியாவும் அதில் இல்லை. அதன் கையெழுத்துப்படி 1943 செப்டம்பரில், பாதுகாப்புக்காக நேப்பிள்ஸிலிருந்து நகர்த்தி வைத்த இடத்தில் ஜெர்மன் சிப்பாய்கள் வைத்த தீயில் போனது. இன்று கையில் இருப்பது அச்சுப் பதிப்பு.

மென்பொருளில் ஏற்றும்போது எந்த வரிசையில் செய்வது?

முதலில் திருமணங்களை ஏற்றுங்கள், ஆட்களை அல்ல. ஒவ்வொரு ஜோடியும் ஒரு 'குடும்பம்'. பிள்ளையை அந்தக் குடும்பத்தோடு சேர்க்கவேண்டும், அப்பாவோடு மட்டும் அல்ல. முதலாம் ரோஜருக்கு மூன்று குடும்பம், கூடவே தாய் தெரியாத பிள்ளைகளுக்கு நான்காவதாக ஒன்று. முறைசாராப் பிள்ளைகளுக்குத் தாய் பெயர் தெரியாவிட்டாலும் தனிக் குடும்பம் வேண்டும். பிறகு இறப்புத் தேதிகள்: மடங்கள் நினைவுநாள் பூசைக்காக நாளைக் குறித்து வைத்ததால் இறந்த நாள் பெரும்பாலும் துல்லியம், பிறந்த நாள் அரிது. பிறப்புக்குச் 'சுமார்', 'முன்', 'பின்' என்ற குறிகளையே பயன்படுத்துங்கள். வெறுமனே 1054 என்று போட்டால் அடுத்தவர் அதைப் பதிவேட்டில் இருந்த ஆண்டாக நகலெடுப்பார்.

கடைசியில் ஒரு சோதனை ஓட்டம். தாய்க்குப் பிள்ளை பிறந்தபோது 14க்கும் 45க்கும் இடையில் வயது இருக்கிறதா? தந்தை இறந்து 9 மாதத்துக்குள் பிறப்பா? தோற்றால் அநேகமாக இரண்டு பெயர்க்காரர்கள் ஒன்றாகியிருப்பார்கள்.

ஆண்வழி எங்கே முடிகிறது? இன்று 'அல்தாவில்லா' என்ற பெயருள்ளவர்கள் இந்த வம்சமா?

பெயர் எதையும் நிரூபிக்காது. இத்தாலியில் அல்தாவில்லா என்ற பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. ராஜ கிளையின் ஆண்வழி, சிறையில் முடிந்த மூன்றாம் வில்லியத்தோடு நின்றது. ஆந்தியோக்கியாவில் இரண்டாம் போஹிமொண்ட் 1130இல் போரில் இறந்து ஒரே மகள் கான்ஸ்டன்ஸ் மிஞ்சினார். அவர் புவாத்தியேவின் ரேமண்டை மணந்ததால், பின்வந்த போஹிமொண்டுகள் தந்தைவழியில் புவாத்தியே குடும்பம். பெயரை மட்டும் தாத்தாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

மகள்வழி நீண்டுகொண்டே போகிறது. தாங்கிரெட் ராஜாவின் மகள் எல்விரா பிரியேனின் மூன்றாம் வால்ட்டரை மணந்தார். அந்த வழியில் ஏதென்ஸ் டியூக் ஐந்தாம் வால்ட்டர் வந்தார். கிஸ்கார்ட்–சிகெல்கைதா மகள் மஃபால்தா பார்சலோனா கவுண்டை மணந்தார். அவர் வழியில் அரகோன் ராஜா மூன்றாம் பீட்டர் வந்தார். அந்தப் பீட்டர் 1262இல் மணந்தது ஃபிரெடெரிக்கின் மகன் மான்ஃபிரெடின் மகள் கான்ஸ்டன்ஸை. 1282இல் சிசிலி கலகம் செய்து பீட்டரை அழைத்தபோது, கணவரிடம் கிஸ்கார்டின் ரத்தமும் மனைவியிடம் ரோஜரின் ரத்தமும் இருந்தன. தாய்மார்களை விட்டுவிட்டு வரைந்த மரத்தில் இந்த இரண்டு கோடுகளுமே இருக்காது.